பாக்கியம் வேலைக்குச் சேர்ந்த சனிக்கிழமை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த அந்த அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் எந்நேரமும் கருவாடு பொரித்த மணம் நின்றுகொண்டிருக்கும். பொரித்தவர் எந்த மாடிக்காரர் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. மணம் மட்டும் வாடகை கட்டாமல் எங்களோடு ஏறும், எங்களோடு இறங்கும். நாலாம் மாடியில் கதவு திறந்ததும் அதோடு கடல் உப்பும், கம்பிக் கதவின் துருவும், யாரோ முழங்காலுக்குத் தடவிய தைலமும் கலந்துகொள்ள, எனக்கு உடனே பசியெடுக்கும். பதினாறு வயதில் எனக்கு எதை மணந்தாலும் பசியெடுத்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிந்து, பெறுபேறு இன்னும் வராத அந்த மாதங்களைப் போல ஒரு பொற்காலம் இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வேறில்லை. படி என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது, ஏன் படிக்கவில்லை என்று கேட்கப் பெறுபேறும் கிடையாது. நான் அந்தச் சுதந்திரத்தை வீட்டுச் சோபாவில் படுத்தபடி அனுபவித்துக்கொண்டிருந்தபோது, என் அம்மா என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, எங்கள் வட்டார இளைஞர் வட்டத்தை நடத்திய செல்வி மிஸ்ஸிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார். "இவனை எங்கயாவது பிரயோசனமா அனுப்புங்கோ" என்பதுதான் அம்மா கொடுத்த நற்சான்றிதழ்.

செல்வி மிஸ் அப்போது தனியாக வாழும் முதியவர்களைப் பிள்ளைகள் வாராவாரம் போய்ச் சந்திக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தார். வெள்ளவத்தையில் அதற்குப் பஞ்சமா? மாடிக்கு மாடி, பிள்ளைகள் கனடாவில், லண்டனில், மெல்பேர்னில் இருக்க, அவர்கள் வாங்கிக் கொடுத்த வீட்டுக்குள் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு தகப்பனோ தாயோ இருப்பார்கள். மிஸ் எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார். என்னோடு வந்தவர்கள் இருவர். ஒருத்தி நிரோஷா, எங்கள் ஒழுங்கைக்காரி, பிறக்கும்போதே முப்பது வயதுப் பொறுப்போடு பிறந்தவள். மற்றவன் ரிஸ்வான், தெமட்டகொடையிலிருந்து பஸ்ஸில் வருபவன், பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடும்போதுகூடக் கையை மட்டும் உயர்த்தும் அமைதிப் பேர்வழி. நிபந்தனைகளும் உண்டு: மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது, சமயம் பேசக் கூடாது, கொடுத்ததைத் தின்னக் கூடாது. மூன்றாவதை நான் முதல் நாளே, கதவு திறந்து கொஞ்ச நேரத்துக்குள், இரண்டு பற்றீஸ் அளவுக்கு மீறினேன்.

எங்களுக்குக் கிடைத்தவர் சிவஞானம் அங்கிள். கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, புறக்கோட்டையில் கொப்பி, பேனை, மட்டை எல்லாம் மொத்தமாக விற்ற வியாபாரி. மனைவி காலமான பிறகு மகள் கௌரி அக்கா ரொறன்ரோவிலிருந்து இந்த வீட்டை வாங்கிக் கொடுத்து அவரை வெள்ளவத்தைக்கு இடம் மாற்றியிருந்தார். எழுபத்தெட்டு வயது, இடுப்பில் வெள்ளைச் சாரம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. நாங்கள் போய், மிஸ் சொல்லிக் கொடுத்தபடி, "நாங்கள் உங்களுக்குத் துணையாக இருக்க வந்திருக்கிறோம்" என்று ஒப்புவித்தோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, கடைக்கு வந்த சரக்கைத் தட்டிப் பார்ப்பவர் போல என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "இதில நல்லது வேற இல்லையோ?" என்று நிரோஷாவிடம் கேட்டார். அன்றிலிருந்து நான் அவருடைய அடிமை.

எனக்கு அவர் வைத்த பெயர் "ரேடியோ". நிறுத்தும் பொத்தான் உடைந்த ரேடியோ என்று விளக்கமும் தந்தார். வீட்டில் என் பகிடிகளுக்குக் கிடைத்த மரியாதை, அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பதுதான். அங்கிளோ ஒவ்வொன்றையும் கேட்டு, பொறுமையாக எடை போட்டு, "விலை கூட" என்று திருப்பித் தருவார். எப்போதாவது ஒன்றுக்கு அவருடைய வயிறு குலுங்கும். அந்த ஒன்றுக்காக நான் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். பரீட்சைக்கு அதில் காற்பங்கு ஒத்திகை பார்த்திருந்தால் என் கணிதப் பெறுபேறு இவ்வளவு பேசப்பட்டிருக்காது.

எங்கள் சனிக்கிழமைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் வெள்ளவத்தைச் சந்தை, பிறகு பிளேன் டீ, பிறகு கௌரி அக்காவின் வட்ஸ்அப் அழைப்பு. சந்தையென்றால் சாமான் வாங்குவது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அங்கிளுக்குச் சாமான் என்பது கடைசியில் பையில் விழும் ஒரு சில்லறை விசயம். மீன் விற்கும் சுனிலிடம் முதலில் அவனுடைய மகளின் சோதனையைப் பற்றிச் சிங்களத்தில் விசாரிப்பார். பிறகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அந்த மீன் தனக்கு முன்பே பென்சன் எடுத்துவிட்டது என்பார். சுனில் நெஞ்சில் கை வைத்துத் தன் தாயின் மேல் ஆணையிடுவான். அங்கிள் கோபித்துக்கொண்டு மரக்கறிப் பக்கம் நடப்பார். சுனில் "மாத்தயா, மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டுப் பின்னாலேயே கூப்பிடுவான். போவதும் வருவதுமாக இது நடக்க நடக்க இருவர் முகத்திலும் ஒரு வெளிச்சம் ஏறும். சில சனிக்கிழமைகளில் மீன் வாங்காமலே வீடு திரும்புவோம். அங்கிள் அன்று இரட்டிப்புச் சந்தோசமாக இருப்பார். அந்தச் சந்தையில்தான் ரிஸ்வான் வாய் திறந்தான். ஒரு நாள் அங்கிளின் பின்னால் நின்றவன், இறால் தட்டைப் பார்த்து, சிங்களத்தில், யாரும் எதிர்பாராமல், இதற்கா இந்த விலை என்று கேட்டுவிட்டான். நானும் நிரோஷாவும் பேய் பேசியது போலத் திரும்பிப் பார்த்தோம். பிறகு அவன் வாயை மூட முடியவில்லை.

இப்படி எல்லாம் ஆனந்தமாகப் போய்க்கொண்டிருக்கையில்தான் விசயம் வெளியே வந்தது. நாங்கள் வரத் தொடங்குவதற்கு முன் அங்கிள் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல், கீழ்மாடிக்காரருக்குச் சத்தம் கேட்கும்வரை கிடந்திருக்கிறார். எலும்பு உடையவில்லை, கௌரி அக்காவின் நித்திரைதான் உடைந்துவிட்டது. அப்பாவைக் கனடாவுக்கு எடுக்க அவர் அலுவல் பார்க்கத் தொடங்கினார். அங்கிளுக்கோ போக விருப்பமில்லை. மகளோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டவும் மனமில்லை. ஆகவே ஒரு வியாபாரி செய்யக்கூடியதைச் செய்தார்: இல்லாத சரக்கை இருப்பதாகச் சொன்னார். தன் வீடு எந்நேரமும் ஆட்களால் நிறைந்திருக்கிறது என்றும், சமைத்துப் போட்டு இரவிலும் துணைக்குப் படுக்கப் பாக்கியம் என்று ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன் என்றும் மகளிடம் அடித்துவிட்டார்.

முதலாவது பொய்யை நாங்கள் சமாளித்தோம். அழைப்பு வரும் நேரம் அங்கிள் மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பேச, நாங்கள் பின்னால் குறுக்கும் மறுக்கும் நடந்தோம். ரிஸ்வான் ஒருமுறை தொப்பியோடும் ஒருமுறை தொப்பியில்லாமலும் போனான். நான் வாசல் மணியை அடித்து, நானே கதவைத் திறந்து, என்னையே வரவேற்றேன். கௌரி அக்கா ஒரு நாள், "அப்பா, உங்கட வீட்டில என்ன கலியாணமோ?" என்று கேட்டார். அங்கிள் பெருமையாகச் சிரித்தார். நாங்கள் கொஞ்சம் குறைத்து நடந்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை கௌரி அக்கா பாக்கியத்தைக் காட்டச் சொன்னார்.

அங்கிள், பாக்கியம் குசினியில் வேலையாக இருக்கிறா, கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, கைபேசியின் கண்ணை விரலால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். நிரோஷா ஏற்கனவே வணக்கம் சொல்லி அறிமுகமாகிவிட்டவள். ரிஸ்வானுக்கு மீசை வந்துவிட்டிருந்தது, அதைப் பற்றி அவனுக்கு ஒரு கர்வமும் இருந்தது. மிஞ்சியது நான். ரிஸ்வான் அறைக்குள் ஓடி அலுமாரிக்குள் கைக்கு வந்த சீலையை இழுத்துக்கொண்டு வந்தான், நிரோஷா என்னை ஒரு மூட்டை கட்டுவதுபோலச் சுற்றிக் கட்டினாள், நான் குசினிக்குள் போய் முதுகைக் காட்டியபடி அடுப்படியில் நின்றுகொண்டேன். அங்கிள் கைபேசியை வாசலில் பிடித்து, "உதிலதான் நிக்கிறா, வெக்கம், திரும்பமாட்டா" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் பாக்கியத்துக்கு வேலை நிரந்தரமாகியிருக்கும். ஆனால் பாத்திரம் கிடைத்த நடிகன் சும்மா நிற்பானா? நான் சட்டியில் அகப்பையைத் தட்டினேன். ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தேன். இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். வாழ்நாளின் உச்ச நடிப்பில் நான் ஆழ்ந்திருந்தபோது, மறுமுனையில் சத்தம் நின்றுபோயிருந்ததைக் கவனிக்கவில்லை.

"அப்பா," என்றது கைபேசி, மெதுவாக. "அது அம்மாவின்ர சீலையெல்லோ."

நான் திரும்பினேன். அதுவும் தவறு. பல்லில் கம்பியும் முகத்தில் பருவுமாக, மாம்பழ நிறத்தில் மயில்நீலக் கரை போட்ட ஒரு சீலைக்குள்ளிருந்து நான் கௌரி அக்காவை முதன்முதலாக நேராகப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். பிறகு திரை கறுத்துவிட்டது.

அங்கிள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவரும் அப்போதுதான் அந்தச் சீலையைச் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. நான் அதை அவிழ்க்கும்போது எங்காவது கிழிந்துவிடப் போகிறதே என்று அவருடைய கைகள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தன. நிரோஷா மடித்துக் கொடுத்ததை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில், "அவள் உப்பிடி இடுப்பை ஆட்டமாட்டாள், ரேடியோ" என்றார். அவருடைய வயிறு குலுங்கியது. கண்ணும் நனைந்திருந்தது. எந்தப் பக்கம் சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் நாங்கள் மூவரும் விழித்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. கௌரி அக்கா வருகிறார்; திரும்பிப் போகும்போது அங்கிளும் கூடப் போகிறார். அங்கிள் அதை எங்களிடம் சொன்ன விதம், யாரோ வேறொருவருடைய கடையைப் பூட்டப் போவதைச் சொல்வது போலிருந்தது. மல்லுக்கட்டவில்லை, பொய்க்கும் தெம்பில்லை. அந்த வாரம் சந்தைக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். எங்களை அனுப்பியபோது செல்வி மிஸ், முதியவர்களுக்கு நாங்கள் எவ்வளவு தேவை என்று நீளமாகப் பேசியிருந்தார். அந்தச் சனிக்கிழமை திரும்பி நடக்கையில்தான், அந்தப் பேச்சு எங்களுக்குப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அவர் போய்விட்டால் சனிக்கிழமைகளில் நான் எங்கே போவது? என் பகிடியை யார் எடை போடுவது? ரிஸ்வான் மறுபடி கையை மட்டும் உயர்த்தும் பையனாகிவிடுவானா? நிரோஷா, காலி நகரத்துக்குப் போகும் காலி வீதியைக் கடக்கும்போது, எல்லாம் உன்ர இடுப்பால வந்தது என்றாள்.

கௌரி அக்கா வந்திறங்கிய பிறகு வந்த சனிக்கிழமை போவதா விடுவதா என்று லிஃப்டுக்கு முன்னால் நின்று வாதாடினோம். பெரும்பான்மை முடிவு ஓடித் தப்புவது. ஆனால் அந்தப் பெரும்பான்மை நான் ஒருவன்தான். மேலே போய் மணியை அடித்தோம். ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுகள் திறந்தன. கௌரி அக்கா எங்கள் மூவரையும் பார்த்து, என்னிடம் வந்து நின்றார்.

"நீர்தானே பாக்கியம்?"

தலையாட்டினேன். ரேடியோ வேலை செய்யவில்லை. அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பாடுபடுவது தெரிந்தது, உதட்டோரம் ஒத்துழைக்கவில்லை. அங்கிள் உள்ளே கதிரையில், பயணப் பெட்டிக்குப் பக்கத்தில், தானும் ஒரு பெட்டியைப் போல இருந்தார். அப்பாவுக்குப் பிடித்த மீனைக் கடைசியாக ஒருதரம் சமைத்துக் கொடுக்க வேண்டும், சந்தை எங்கே என்று கௌரி அக்கா கேட்டார். சந்தை என்ற சொல்லுக்கு அங்கிள் எழும்பிவிட்டார்.

ஆக ஐந்து பேராகப் போனோம். சுனில் அங்கிளைக் கண்டதும் இரண்டு வாரம் எங்கே போனீர்கள் என்று சண்டைக்குத் தயாரானான். இது மகள் என்றதும் இன்னும் உற்சாகமாகி, ஒரு பாரை மீனைத் தூக்கிப் பிடித்து, வழக்கத்தைவிடத் தாராளமாக ஒரு விலையைச் சொன்னான். கௌரி அக்கா கைப்பையைத் திறந்தார். சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டினார்.

அந்த இடத்தில் விழுந்த அமைதியை நான் அதற்குப் பிறகு இழவு வீடுகளில்கூடக் கேட்டதில்லை. பக்கத்துத் தட்டுக்காரன் கத்தியை நிறுத்தினான். வாழைப்பழம் விற்கும் அம்மா எழும்பி நின்று பார்த்தார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பார்க்க விரும்பவில்லை போலும். சுனில் பணத்தைத் தொடவில்லை. அவன் அங்கிள் பக்கம் திரும்பி, கவலையான குரலில், மாத்தயாவுக்கு என்மேல் ஏதும் கோபமா, அல்லது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். பிறகு கௌரி அக்காவின் கையை மெல்லப் பின்னால் தள்ளி, இப்படி வாங்கினால் இன்று முழுக்க எனக்கு வியாபாரம் நடக்காது தங்கச்சி, முதலில் ஏதாவது சொல்லுங்கள் என்றான்.

கௌரி அக்கா விழித்தார். தகப்பனைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கொட்டாஞ்சேனையில் தகப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு சிறுமி உள்ளே எங்கேயோ இருந்திருக்க வேண்டும். குனிந்து மீனின் செவுளைத் தூக்கினார். துருப்பிடித்த சிங்களத்தில், இந்த மீன் என்னோடு அதே விமானத்தில் வந்ததுதானே என்று கேட்டார். வாழைப்பழ அம்மாதான் முதலில் சிரித்தார். சுனில் மகிழ்ச்சியில் தாயின் மேல் ஆணையிட்டான். கௌரி அக்கா நடந்தார், அவன் கூப்பிட்டான், அவர் திரும்பினார், மறுபடி நடந்தார். ரிஸ்வான் இடையில் புகுந்து ஆதரவு கொடுத்தான். விலை இறங்கி இறங்கி, கடைசியில் அங்கிள் தாங்க முடியாமல் நடுவில் வந்து, "காணும் பிள்ளை, அவனும் பிழைக்க வேணுமெல்லோ" என்று மீன்காரனுக்காகப் பரிந்து பேசும் நிலைமை வந்துவிட்டது. அவருடைய முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் காதுவரை ஏறியிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே விசில் அடிக்கத் தோன்றியது. அடித்தும்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கௌரி அக்கா மீனை வெட்டினார். பிறகு கை கழுவாமலே வந்து தகப்பனுக்கு முன்னால் நின்று, அங்கே வந்தால் உங்களுக்கு என்ன குறை அப்பா, எல்லாம் இருக்கே என்று கேட்டார். அங்கிள் யோசித்தார்.

"அங்க எல்லாத்திலயும் விலை ஒட்டியிருக்கும், பிள்ளை. நான் ஆரோட கதைக்கிறது?"

கௌரி அக்கா போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு எங்களிடம் திரும்பி, விசாரணையைத் தொடங்கினார்: சனிக்கிழமை மட்டுமா வருவீர்கள், இடையில் ஒரு நாள் எட்டிப் பார்க்க முடியாதா, பெறுபேறு வந்து உயர்தரம் படிக்கத் தொடங்கியதும் மறந்துவிடுவீர்களா. நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் பேசினோம். வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்ல நாங்கள் இப்படிப் போட்டி போட்டதேயில்லை. ரிஸ்வானின் வாப்பா தெமட்டகொடையில் இரும்பு ஒட்டும் வேலை செய்பவர். அடுத்த வாரமே வந்து குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பிகள் பொருத்திக் கொடுத்தார். பயணப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. கௌரி அக்கா தனியாகத் திரும்பிப் போவதற்கு முன், வீட்டின் உதிரிச் சாவியை ஒரு கயிற்றில் கோத்து நிரோஷாவின் கையில் வைத்தார். அவள் இல்லாவிட்டால் ரிஸ்வான். நான் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். அவர் என் உள்ளங்கையில் ஒரு துண்டு பொரித்த மீனை வைத்தார்.

அங்கிள் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார், வெள்ளவத்தையில், தன் கட்டிலில், தன் சண்டைகளோடு. நாங்கள் உயர்தரம் எழுதினோம், இருவர் முதல் தடவையே சித்தியடைந்தார்கள், ஒருவர் மூன்றாம் தடவை சித்தியடைந்தார், அது யார் என்று கேட்க வேண்டாம். சனிக்கிழமை மட்டும் தவறவில்லை. கடைசி வருடம் அவரால் சந்தைக்கு இறங்க முடியவில்லை. சுனில் நாலு மாடி ஏறி வந்து, வாசலில் மீனைக் காட்டி, அவமானப்பட்டுப் போவான்.

இப்போது அந்த வீட்டில் ஒரு பல் வைத்தியர் குடியிருக்கிறார். கம்பிக் கதவு போய், எண்ணை அழுத்தினால் திறக்கும் பூட்டு வந்துவிட்டது. லிஃப்டில் எலுமிச்சை வாசம் அடிக்கிறது. கருவாடு பொரித்தவர் கடைசிவரை அகப்படாமலே போய்விட்டார். சுனிலின் தட்டு இருந்த இடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். நிரோஷா மெல்பேர்னில், முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. ரிஸ்வான் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். அவனிடம் பொருள் வாங்கப் போனால் பின்னேரமாகிவிடும். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், என் கணிதப் பெறுபேற்றை அவர்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. கௌரி அக்கா இப்போதும் சனிக்கிழமை காலையில் அழைக்கிறார், எனக்கு. முதல்முறை, பழக்கத்தில் கை அழுத்திவிட்டது என்றார். அடுத்த வாரமும் கை அழுத்திவிட்டது. அவருடைய மகன் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போய்விட்டான். அங்கே இரவு, வெளியே பனி. இங்கே நான் பிளேன் டீயோடு. எனக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பதில் தொடங்கி, அவருடைய முழங்கால்வரை கதைப்போம். என் பகிடிகளை அவரும் எடை போடுகிறார், தகப்பனைவிடக் கறாராக. அலுவலகத்தில் சனிக்கிழமை மேலதிக வேலைக்கு ஆள் தேடும்போதெல்லாம், அன்றைக்கு நான் ஒரு முதியவரைச் சந்திக்க வேண்டும், வாராவாரம் செய்யும் சமூக சேவை என்று சொல்லிக் கழன்றுவிடுகிறேன். மேலாளர் என்னைப் பெரிய மனது படைத்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கௌரி அக்காவின் காதில் இது விழுந்தால், அடுத்த விமானத்தில் ரொறன்ரோவிலிருந்து ஒரு செருப்பு வரும்.